பழைய ஜிப்ஸி, எஸ்டீம் எஞ்சினைப் புதுப்பிக்கப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜிப்ஸியோ எஸ்டீமோ வைத்திருப்பவர்கள் எஞ்சின் வேலை என்றதும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி பிஸ்டன் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். எஞ்சினைக் கழற்றி, கழுவி, அளந்து முடிக்கும் வரை எந்த அளவு பிஸ்டன் வேண்டும், எந்த பேரிங் வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்கூட்டியே வாங்கிய பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் செய்வதும் (சிலிண்டரை உள்ளே குடைந்து பெரிதாக்குவதும்), கையில் இருக்கும் பேரிங்குக்காக கிராங்கை (கிராங்க்ஷாஃப்டை)த் தேவையில்லாமல் அரைப்பதும் நல்ல எஞ்சினைக் கெடுக்கும் வழிகள். அளவு முதலில், பாகம் அப்புறம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

மாருதியின் 1.3 லிட்டர் ஜி13பி குடும்ப எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் இன்னும் நிறைய ஓடுகிறது, உதிரிபாகம் கிடைக்கிறது, பல லேத் பட்டறைகளுக்குப் பழகிய எஞ்சின். வேறு பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் வைத்திருந்தாலும் வேலையின் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின்?

1985-இல் வந்த முதல் ஜிப்ஸியில் இருந்தது 970 சிசி எஞ்சின். அது வேறு குடும்பம், இந்தக் கட்டுரையின் அளவுகள் அதற்குப் பொருந்தாது. 1994-இல் எஸ்டீம் கார்ப்யூரேட்டருடன் 1.3 லிட்டரில் வந்தது. 1996-இல் ஜிப்ஸி கிங், 8 வால்வு, 60 பிஹெச்பி. 1999-இல் எஸ்டீமுக்கு 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்ப்யூரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீச்சும் முறை), 85 பிஹெச்பி. 2000-இல் ஜிப்ஸிக்கும் 16 வால்வு வந்து 80 பிஹெச்பி ஆனது. ஜி13பிபி எனப்படும் அதே 16 வால்வு எஞ்சின் வெர்ஸாவிலும், 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இருந்தது.

இந்த 1.3 லிட்டர் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 75.5 மில்லிமீட்டர், மொத்தம் 1298 சிசி. அளவு ஒன்றாக இருப்பதால் எல்லாப் பாகமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. 8 வால்வுக்கும் 16 வால்வுக்கும் ஹெட் வேறு, பிஸ்டன் தலை வேறு. ஜிப்ஸியில் எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, எஸ்டீமிலும் ஸ்விஃப்டிலும் குறுக்குவாக்கில். அதனால் ஆயில் சம்ப், மேனிஃபோல்ட், மவுன்டிங் எல்லாம் மாறும். கடையில் "ஜிப்ஸி பிஸ்டன் கொடுங்க" என்று கேட்காமல், எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

கழற்றும் முன் ஒரு பரிசோதனை

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் முழுவதும் மிதித்திருக்க வேண்டும், பேட்டரியில் முழு சார்ஜ் இருக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு 14 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) நல்ல அளவு, 12 கிலோவுக்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. சிலிண்டர்களுக்கு இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், போர் பக்கம் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ காரணம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

புகையும் சொல்லும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீல், கைடு. மேட்டில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். வெறும் ஸ்டெம் சீல் வேலைக்கு முழு எஞ்சினையும் பிரித்து உட்கார வேண்டாம்.

பிளாக்கும் போரும்

இந்த எஞ்சினின் பிளாக் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். எடை குறைவு என்பது லாபம், சூட்டைத் தாங்காது என்பது நஷ்டம். ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆன வண்டி என்றால் பிளாக்கின் மேல்முகத்தையும் ஹெட்டின் அடிமுகத்தையும் ஸ்டிரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். ஹெட்டில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் சீவ வேண்டும். ஹெட் போல்ட் ஏறும் ஓட்டைகளையும் பாருங்கள். அலுமினியத்தில் மரை தேய்ந்திருந்தால் டார்க் ரெஞ்ச் வைக்கும்போது கையோடு வந்துவிடும். இப்போதே ஹெலிகாயில் (தேய்ந்த மரைக்குப் பதிலாக இறக்கும் கம்பிச்சுருள் மரை) போட்டுவிடுவது நல்லது.

போரை போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்து "படி இல்லை, ரிங் மட்டும் மாத்தலாம்" என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கூம்பாகவோ நீள்வட்டமாகவோ 0.10 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் அடுத்த ஓவர்சைஸுக்கு (போரைப் பெரிதாக்கிப் போடும் பெரிய பிஸ்டன் அளவுக்கு)ப் போக வேண்டியதுதான். அதற்குள் இருந்தால், பிஸ்டனையும் அளந்து, இடைவெளி சரியாக வந்தால் ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது) செய்து புது ரிங் போடலாம்.

ஓவர்சைஸ் 0.25, 0.50 என்று வரும். எவ்வளவு குறைவாகப் போக முடியுமோ அவ்வளவு குறைவாகப் போங்கள். போர் பெரிதானால் பவர் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் தெரியும்: 0.50 போனால் போர் 74.5 ஆகிறது, மொத்தம் சுமார் 1316 சிசி. கூடியது 18 சிசி, ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அந்த ஒன்றரை சதவீதத்துக்காக பிளாக்கின் அடுத்த ஆயுளைச் செலவழிக்கக் கூடாது. 0.50-ஐயும் தாண்டித் தேய்ந்த பிளாக்கில் புது லைனர் இறக்கலாம் என்பார்கள். அலுமினிய பிளாக்கில் அது நுணுக்கமான வேலை. அனுபவம் உள்ள பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் வேறு நல்ல பிளாக் தேடுவதையே நான் விரும்புவேன்.

போர் செய்யக் கொடுக்கும்போது மூன்றைச் சொல்லுங்கள். ஒன்று, பிஸ்டனைக் கொடுத்த பிறகே கடைசி அளவுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்குரிய சிலிண்டரை முடிக்க வேண்டும், இடைவெளி 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர். இரண்டு, டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பூட்டும் தடித்த தகடு) இருந்தால் பூட்டிப் போர் செய்யச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகும்போது அலுமினிய பிளாக் கொஞ்சம் வடிவம் மாறும், அந்த நிலையிலேயே போர் வட்டமாக இருக்க வேண்டும். மூன்று, ஹோனிங் கோடுகள் குறுக்கு நெடுக்காக ஒரே சீராக இருக்க வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும்.

பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட்

ரோட்டில் ஓடும் வண்டிக்கு சாதாரண வார்ப்பு பிஸ்டனே போதும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் பலமானதுதான், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் அதிக இடைவெளி விட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டும் சத்தம் வரும், ஆயில் செலவும் கொஞ்சம் கூடும். டர்போ போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

நான்கு பிஸ்டனையும் அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னோடு சேர்த்து எடை போடுங்கள். ஓரிரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செட்டை மாற்றிக் கேளுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி கிராங்க் புல்லி பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கை ஒவ்வொன்றாக அதன் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனாலேயே சமமாகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். மேல் ரிங்குக்கு சுமார் 0.20 முதல் 0.33 மில்லிமீட்டர். குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி ரிங் உடையும். செட்டில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டாதீர்கள்.

கனெக்டிங் ராடில் வளைவு, முறுக்கு பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்கி எஞ்சின் தண்ணீர் குடித்த ஜிப்ஸி என்றால் இது கட்டாயம். ராட் போல்ட், நட் புதிதாகப் போடுங்கள். மொத்தச் செலவில் அது ஒரு பெரிய தொகையே இல்லை. பழைய போல்ட் அறுந்தால் பிளாக்கில் ஓட்டை விழும்.

கிராங்கும் பேரிங்கும்

இங்கேதான் மாருதி எஞ்சினுக்கு ஒரு தனி விஷயம் இருக்கிறது. மெயின் பேரிங் (கிராங்க் பிளாக்கில் உட்காரும் இடத்துப் பேரிங்) ஒரே அளவில் வருவதில்லை. கிராங்கின் வெப்பில் (ஜர்னல்களுக்கு இடையே உள்ள கையில்) 1, 2, 3 என்று எண்கள் குத்தியிருக்கும். பிளாக்கில் ஏ, பி, சி என்று எழுத்துகள் குத்தியிருக்கும். எண்ணையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்து, பச்சை, கறுப்பு, நிறமில்லாதது, மஞ்சள், நீலம் என்ற ஐந்து வகையில் ஒவ்வொரு ஜர்னலுக்கும் (பேரிங்கில் சுழலும் கிராங்கின் உருண்டைப் பகுதிக்கும்) உரிய தடிமனைத் தேர்ந்தெடுப்பார்கள். கிராங்க் அரைக்கப்படாமல் ஸ்டாண்டர்ட் அளவில் இருந்தால் இந்த நிறக் கணக்கைப் பின்பற்றுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு செட்டைத் தள்ளிவிட்டால், ஒரு ஜர்னலில் இறுக்கமும் இன்னொன்றில் தளர்ச்சியும் வரும். தளர்ந்த இடத்தில் ஆயில் பிரஷர் வடிந்துபோகும்.

கிராங்கில் கோடு விழுந்திருந்தால் 0.25 அண்டர்சைஸுக்கு (அவ்வளவு சிறிய அளவுக்கு) அரைக்கலாம். அரைக்கும்போது ஜர்னலின் ஓரத்தில் உள்ள வளைவை அப்படியே விட வேண்டும். அதை நேர்கோணமாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அரைத்த பிறகு ஆயில் ஓட்டைகளின் வாயை மழுக்கி, உள்ளே கம்பி பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடிக்கச் சொல்லுங்கள். புது பேரிங்கைத் தின்பது பெரும்பாலும் இந்த ஓட்டையில் தங்கிய அரைத்தூள்தான்.

பூட்டும்போது பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்துப் பாருங்கள். மெயினில் 0.02 முதல் 0.04, பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் முனையில்) 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர். த்ரஸ்ட் வாஷரில் கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.11 முதல் 0.31-க்குள் இருக்க வேண்டும். கிளட்ச் மிதிக்கும்போது வண்டி சத்தம் மாறினால் இது தேய்ந்திருக்கலாம்.

கிராங்கின் முன்முனையில் டைமிங் கியர் உட்காரும் கீ வழியையும் பாருங்கள். புல்லி போல்ட்டைச் சரியான டார்க்கில் இறுக்காமல் விட்ட எஞ்சின்களில் அந்த வழி அகன்றுபோய் டைமிங் நகரும். அகன்றிருந்தால் கிராங்கையே மாற்றுவதுதான் நிம்மதி. போல்ட் புதிதாகப் போடுங்கள்.

ஹெட்

சீவுவதற்கு முன் ஒரு விஷயம். இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே படுத்திருக்கிறது. ஹெட் அடியில் வளைந்திருந்தால் மேலே கேம் ஜர்னல் வரிசையும் வளைந்திருக்கும். அடியை மட்டும் சீவி நேராக்கினால் கேம் இறுகும். கேமை வெறுமனே வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், லகுவாகச் சுற்ற வேண்டும்.

வால்வ் கைடில் ஆட்டம் இருந்தால் கைடு மாற்றிவிட்டே சீட் (வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்) கட்டிங் செய்ய வேண்டும். சீட்டின் அகலம் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ரொம்ப மெலிந்தால் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு ஹெட்டுக்குப் போகாமல் வால்வ் எரியும். வால்வ் ஸ்பிரிங்கின் உயரத்தை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஸ்டெம் சீல் புதியது, பேச்சே இல்லை.

அளந்து பார்க்காமலேயே புதிதாகப் போட வேண்டியவை என்றால், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஆயில் சீல், கேஸ்கெட் செட், எல்லா ரப்பர் ஹோஸ். ஆயில் பம்ப் இந்த எஞ்சினில் கிராங்காலேயே நேராகச் சுற்றுகிறது. உள்ளே கீறல் இருந்தால் அதுவும் புதியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் ஆயிலில் கலந்து புது போர் சீக்கிரம் தேயும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் விடாமல் கூலன்ட் விடுங்கள், அலுமினியத்துக்கு அது மருந்து.

பவர் கூட்டுவது

மேலே சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தாலே பழைய எஞ்சின் புதிதாக இருந்தபோது கொடுத்த பவரைத் திரும்பக் கொடுக்கும். அதை ஓட்டிப் பார்க்காதவர்கள்தான் உடனே கேம் மாற்றப் போகிறார்கள். அதற்கு மேலும் வேண்டும் என்றால் நான் போகும் வரிசை இது.

முதலில் ஹெட் போர்ட்டுகள். மேனிஃபோல்டும் போர்ட்டும் சேரும் இடத்தில் படி இருந்தால் சமப்படுத்துங்கள், வால்வுக்கு நேர் பின்னால் உள்ள கூர்முனைகளை மழுக்குங்கள். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். போர்ட்டைப் பெரிதாகக் குடைய வேண்டாம். குடைந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து, மேட்டில் ஜிப்ஸி திணறும்.

அடுத்தது எக்ஸாஸ்ட். 4-2-1 ஹெட்டர் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்) நடு ஆர்பிஎம்மில் இழுவையைக் கூட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் வெயிலில் அது பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

கம்ப்ரஷன் விகிதம் சுமார் 9:1. ஹெட்டைச் சீவினால் இது ஏறும், எவ்வளவு என்று தெரிந்து சீவுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 325 சிசி, 9:1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி. அரை மில்லிமீட்டர் சீவினால் அதிகபட்சம் 2 சிசி சொச்சம் குறையும், விகிதம் 9.4 பக்கம் வரும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலும் சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடமும் குறைகிறது, கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்னுக்கு நகர்கிறது.

கேம்ஷாஃப்ட் கடைசி. ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் பவர் தரும் கேம், இரண்டாயிரத்தில் இழுவையை எடுத்துவிடும். மலை ஏறும் ஜிப்ஸிக்கு ஸ்டாக் கேமே சரி. எஸ்டீமை டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு மாற்றலாம், ஆனால் கேமை மட்டும் மாற்ற முடியாது. லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) கூடினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகிறதா, ரிடெய்னர் ஸ்டெம் சீலில் இடிக்கிறதா, வால்வ் பிஸ்டனைத் தொடுகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். எம்பிஎஃப்ஐ எஞ்சினில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங்கும் சேரும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 ரேஸ் கார்களில் இருப்பதும் மாருதியின் இதே 1.3 லிட்டர் எஞ்சின்தான். அதனால் அந்தப் பக்கத்தில் இதன் கேம், டியூனிங் பற்றி விவரம் தெரிந்த கைகள் கிடைக்கும்.

பழைய பலேனோவின் 1.6 லிட்டர் ஜி16பி எஞ்சினை ஜிப்ஸியில் இறக்குவது பலரின் ஆசை. 75 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1590 சிசி, கீழிருந்தே நல்ல இழுவை. கியர்பாக்ஸோடு சேரும் முகம் ஒத்துவரும், ஆனால் எஞ்சின் உயரம் கூடுதல், சம்ப், ஆயில் பிக்கப், மவுன்டிங், வயரிங் எல்லாம் மாற்ற வேண்டும். எஞ்சின் மாறினால் ஆர்டிஓவில் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எஃப்சியிலும் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் பிளாக்கையே போர் செய்து கட்டினால் எண் மாறாது, இந்தப் பிரச்சினை இல்லை.

எரிபொருள் பக்கம் ஒன்று. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களையும் கார்ப்யூரேட்டரின் டயஃப்ரம், சீல்களையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். அதைத் தாங்கும் ஹோஸ், புது கார்ப்யூரேட்டர் கிட் இரண்டையும் பட்டியலில் சேருங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலியும். கார்ப்யூரேட்டர் வண்டியில் பிளக் வெளுத்துக் காட்டினால் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும்.

எங்கே வாங்குவது

எஞ்சின் பாகத் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ், ரானே எஞ்சின் வால்வ் (2025-இல் ரானே மெட்ராஸோடு இணைந்தது), கோவையில் பைமெட்டல் பேரிங்ஸ் எல்லாம் பல பத்தாண்டுகளாக இருப்பவை. உங்கள் எஞ்சினுக்கு இவர்களிடம் பாகம் இருக்கிறதா என்று அவர்களின் பட்டியல் எண்ணை வைத்துத் தேடுங்கள். டைமிங் பெல்ட், ஹெட் கேஸ்கெட், ஆயில் சீல், மெயின் பேரிங் நான்கையும் மாருதி ஜென்யூன் பார்ட்ஸாகவே வாங்குவேன். பெட்டியில் ஹோலோகிராம், பாக எண், விலைச் சீட்டு மூன்றும் இருக்க வேண்டும், பில்லும் வாங்குங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பிளாக், ஹெட், கிராங்க் கிடைக்கும். இவை மூன்றையும் பழையதாக வாங்கலாம், அளந்து வாங்கலாம். மைக்ரோமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் எஞ்சின் எண் உள்ள பிளாக்கை ஆவணம் இல்லாமல் தொடாதீர்கள். பழைய பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் பெல்ட் எதுவும் வேண்டாம்.

பூட்டிய பிறகு

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவைத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கசிவு பாருங்கள், சூடேறி ஃபேன் ஓடட்டும், அப்புறம் ரோட்டில் எடுங்கள். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விட்டு "ரன்னிங் இன்" செய்யும் பழக்கம் ரிங்குக்கு நல்லதல்ல. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைப் போரோடு தள்ளி உட்கார வைக்கிறது, ஐட்லிங்கில் அந்த அழுத்தம் கிடையாது. மூன்றாவது, நான்காவது கியரில் மிதமாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து இறக்கி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போக வேண்டாம், பாரம் ஏற்ற வேண்டாம். ரிங் உட்காரும் வரை சாதாரண மினரல் ஆயிலே போதும்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், 1000 கிலோமீட்டரில் மறுபடி. கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய தூள் ரிங் உட்காருவதால் வருவது. காந்தத்தில் ஒட்டாத, பளபளக்கும் செதில் தெரிந்தால் அது பேரிங்காக இருக்கலாம். சம்பை இறக்கி, ஒரு பிக் எண்ட் கேப்பைத் திறந்து பார்த்துவிட்டே அடுத்த கிலோமீட்டர் ஓட்டுங்கள்.